எங்கள் ஊர் எத்தனை முறை மாநிலம் மாறியது? பாடநூல் எழுதும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சமூக அறிவியல் பாடநூல் எழுதும் குழுவில் உள்ள பெரியோர் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிப்பட்டு வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. போன ஆண்டு எட்டாம் வகுப்பில் நடந்த ஒரு சின்னச் சண்டைதான் இந்த மடலுக்குக் காரணம்.

மைதானத்தில் தொடங்கிய வாய்ச்சண்டை வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு பையன் இன்னொருவனைப் பார்த்து, "நீ ஆந்திராக்காரன்தானே, உங்க ஊருக்கே போ" என்று சொல்லிவிட்டான். இரண்டு பேர் வீடும் ஒரே தெருவில்தான். திட்டு வாங்கியவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். திட்டியவனுடைய ஆயாவும் வீட்டில் தெலுங்குதான் பேசுவார், அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். திட்டு வாங்கியவன் அழவில்லை. என் மேசைக்கு அருகில் வந்து, "சார், நம்ம ஊரு மொதல்ல ஆந்திராவுலயா சார் இருந்துச்சு?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினாலும் அது முழு உண்மை இல்லை. அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை மூடி வைத்துவிட்டு, என் ஆயாவின் கதையைச் சொன்னேன்.

என் ஆயா பிறந்தது 1910-இல். அப்போது எங்கள் பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீன், வட ஆற்காடு மாவட்டம், சென்னை மாகாணம். அவர் தவழ்ந்து கொண்டிருந்தபோது, 1911-இல், சித்தூர் மாவட்டத்தைப் புதிதாக உண்டாக்கி எங்களை அதில் சேர்த்தார்கள். 1953-இல் ஆந்திர மாநிலம். 1956-இல் ஆந்திரப் பிரதேசம். 1960-இல் சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1969-இல் தமிழ்நாடு. நடுவில் மாவட்டத்துக்குச் செங்கை எம்.ஜி.ஆர். என்று ஒரு பெயர், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம். அதற்கு அடுத்த வருடம் ஆயா போய்விட்டார். கல்யாணம்கூட அவர் பிறந்த அதே தெருவில்தான் நடந்தது, அத்தை மகனோடு. கடைசி வரை அவர் வாயில் "சித்தூர் ஜில்லா" என்பதுதான் வரும். அவருடைய தகரப் பெட்டியில் இருந்த நிலப் பத்திரங்களில் பழையவை தெலுங்கில் இருக்கின்றன, 1960-க்குப் பிந்தியவை தமிழில். நிலம் ஒன்றுதான், நான்கு பக்க எல்லைகளும் அதே கிணறு, அதே வாய்க்கால்.

பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். அப்புறம் அந்தத் திட்டிய பையனே எழுந்து, "சார், இதெல்லாம் ஏன் சார் மாறிச்சு?" என்றான். அந்தக் கேள்விக்கு ஒரு பீரியட் போதவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் கரும்பலகையில் கையால் வரைந்த வரைபடங்கள் பாடநூலிலேயே அச்சாகி இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் அனுபவத்தில் பிள்ளைகள் மனதில் "சென்னை மாகாணம்" என்றால் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது: ஆங்கிலேயர் வந்தார்கள், தென்னிந்தியா முழுவதையும் ஒரு பெரிய மாகாணமாக வைத்திருந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு அதை உடைத்து நான்கு மாநிலம் ஆக்கினார்கள். அதோடு வீட்டிலும் மேடையிலும் கேட்கிற "நாம் இழந்த பகுதிகள்" என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. எனவே, முதலில் எல்லாம் நம்முடையதாக இருந்தது, பிறகு பக்கத்து மாநிலத்துக்காரர்கள் பிய்த்துக்கொண்டு போனார்கள் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. அது தவறு என்று எடுத்துச் சொல்ல ஆசிரியர் கையில் ஒரு வரைபடம்கூட இல்லை.

அந்த மாகாணம் எப்படி உருவானது என்பதை வருடக் கணக்கில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1639-இல் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது கடற்கரையில் ஒரு சின்ன மணல் திட்டு. அதன்பிறகு நூறு வருடம் கழித்தும் கோட்டை, அதைச் சுற்றிய சில ஊர்கள், கடலோரமாகச் சில வணிகக் கிடங்குகள், அவ்வளவுதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையையே பிடித்துக்கொண்டு, 1749-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியிடம் இருந்து செங்கல்பட்டு ஜாகீர், அதாவது வரி வாங்கும் உரிமையோடு தந்த நிலம், கிடைத்தது. 1765-இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலத்தின் பர்மானும் (அரசாணை), மறு வருடம் ஐதராபாத் நிஜாமின் ஒப்பந்தமும் வடசர்க்கார் என்ற வடக்குக் கடலோரப் பகுதியைக் கொடுத்தன. அதிலும் குண்டூர் கைக்கு வந்து சேர 1788 ஆயிற்று. தெலுங்குக் கடற்கரை கம்பெனிக்குப் போனது மதுரையும் திருநெல்வேலியும் போவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாகாணத்தின் பெரும்பகுதி சேர்ந்தது 1792 முதல் 1801 வரையிலான ஒன்பதே ஆண்டுகளில். இந்த ஒன்பது ஆண்டுகளுக்குப் பாடநூலில் தாராளமாக இடம் கொடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை: திப்பு தன் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார், பாராமகாலும் திண்டுக்கல்லும் மலபாரும் கம்பெனிக்கு வந்தன. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர் மாகாணத்துக்குள் வந்த கதை இதுதான். 1799-இல் திப்பு விழுந்தார். கோயம்புத்தூரும், இன்றைய கர்நாடகக் கடற்கரையான கனராவும் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள், அதே அக்டோபரில் தஞ்சையில் சரபோஜி மன்னர் ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 1800-இல் நிஜாம், மைசூர்ப் போர்களில் தன் பங்காகக் கிடைத்த பெல்லாரி, கடப்பை, அனந்தபூர் பகுதிகளைக் கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார். 1801-இல் ஆற்காட்டு நவாப் வம்சத்தின் முறை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட கடிதங்களைக் காட்டி, திப்புவோடு சேர்ந்து சதி செய்தீர்கள் என்று சொல்லி, நெல்லூரில் இருந்து திருநெல்வேலி வரை நாட்டையே வாங்கிக்கொண்டார்கள். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் அதே 1801 அக்டோபரில்.

இப்போது பாருங்கள். கட்டபொம்மனையும் மருதுவையும் ஒரு பாடத்தில் படிக்கிற பிள்ளை, மாகாணத்தின் எல்லையை வேறொரு பாடத்தில் படித்தால் இரண்டும் ஒட்டாது. ஒரே வரைபடத்தில் அந்த வருடங்களைக் குறித்துக் காட்டினால், பாளையக்காரர் ஏன் அந்த நேரத்தில் எதிர்த்தார்கள் என்பது தானாகவே விளங்கும். வரி வாங்கும் ஆள் மாறுகிறான், நிலம் கைமாறுகிறது, அந்தக் கொதிப்புதான் அது. மலபாரில் பழசி ராஜா 1805 வரை சண்டை போட்டதும் இதே கொதிப்பில்தான்.

இந்த எல்லைகளில் எங்காவது மொழி வருகிறதா? வரவில்லை. போரில் தோற்றவன் கொடுத்தது, கடன்பட்டவன் கொடுத்தது, படைச் செலவுக்கு ஈடாக வந்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மலபார் 1792-இல் கம்பெனிக்கு வந்ததும் அதைப் பம்பாய் மாகாணத்தோடு சேர்த்தார்கள். 1800-இல் தான் சென்னைக்கு மாற்றினார்கள். கனராவோ நேர்மாறு. சென்னையில் இருந்த கனராவை இரண்டாக வகுத்து, 1862-இல் வடகனராவைப் பம்பாய்க்குக் கொடுத்தார்கள். கார்வார் துறைமுகத்தின் மேல் பம்பாய்ப் பருத்தி வியாபாரிகளுக்குக் கண் இருந்தது. தென்கனரா மட்டும் 1956 வரை சென்னையோடு நின்றது. அங்கே துளு பேசுகிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இலங்கையின் கதையையும் ஒரு பத்தியாவது சேருங்கள். டச்சுக்காரரிடம் இருந்து கம்பெனி பிடித்த கரையோரப் பகுதிகளை 1796-இல் இருந்து சில ஆண்டுகள் சென்னையில் இருந்தே ஆண்டார்கள். இங்கிருந்து வரி அதிகாரிகள் போனார்கள், தென்னை மரத்துக்கு வரி போட்டார்கள், மறு வருடமே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1802-இல் அது கம்பெனியின் கையை விட்டு, பிரிட்டிஷ் அரசே நேராக ஆளும் தனிக் குடியேற்ற நாடு ஆகிவிட்டது. சென்னைக் கோட்டையின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள இது உதவும்.

நிலத்தைச் சேர்த்து முடித்ததும் அதை அளக்க வந்தார்கள். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி அடித்தளக் கோடு ஒன்றை அளந்து தொடங்கிய வேலைதான் பிற்பாடு இந்தியா முழுவதையும் அளந்தது. பாராமகாலில் கம்பெனி அதிகாரி ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து குடியானவனோடு நேராகத் தீர்வை பேசிய ரயத்துவாரி முறையையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். தனித் தலைப்பாகப் படிக்கும்போது அது பிள்ளைகளுக்கு வெறும் மனப்பாடமாகப் போய்விடுகிறது.

வளர்ந்து முடிந்தபோது மாகாணத்தின் பரப்பு சுமார் 1,40,000 சதுர மைல். வடக்கே கஞ்சம் மாவட்டத்தில் சில்கா ஏரி வரை, மேற்கே தென்கனரா வரை. இன்றைய தமிழ்நாடு ஏறக்குறைய 50,000 சதுர மைல். நடுவில் மைசூர் வேறு ராஜ்ஜியம், திருவிதாங்கூரும் கொச்சியும் வேறு, புதுக்கோட்டை வேறு, பங்கனப்பள்ளி வேறு, பெல்லாரிக்குள் சந்தூர் வேறு. ஆனால் கொச்சியின் கோட்டைப் பகுதி மட்டும் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது! புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரரிடம். எங்கள் வகுப்பில் இதை வண்ணச் சாக்பீஸால் வரைந்தபோது ஒரு பெண் பிள்ளை, "ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கு சார்" என்றாள். அந்த வார்த்தையே போதும் என்று தோன்றியது.

அந்தப் பழைய மாவட்டங்கள் இன்னும் சாகவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சினிமா வியாபாரத்தில் இன்றைக்கும் "என்.எஸ்.சி. ஏரியா" என்பார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு என்ற மூன்று பழைய மாவட்டங்களின் முதல் எழுத்துகள். "எம்.ஆர்." என்றால் மதுரை, ராமநாதபுரம். "டி.டி." என்றால் திருச்சி, தஞ்சாவூர். தெலுங்குப் பட வியாபாரத்தில் ராயலசீமைக்கு "சீடெட்" என்று பெயர். 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்குக் கம்பெனி வைத்த பெயர்தான் அது. விட்டுக்கொடுக்கப்பட்ட நாடு என்ற அந்தப் பெயர் பிடிக்காமல்தான் அந்த மக்கள் 1928-இல் ராயலசீமை என்று வைத்துக்கொண்டார்கள். படம் ரிலீஸ் ஆகும் நாளில் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிற வசூல் கணக்கில் இருநூறு வருடத்துக்கு முந்திய ஓர் உடன்படிக்கை இருக்கிறது. இதைவிட எளிதாக வரலாற்றை எப்படிச் சொல்ல முடியும்?

மொழி என்ற அளவுகோல் வந்தது பிற்பாடுதான். அதையும் முதலில் கேட்டவர்கள் நாம் இல்லை. ஒடியா பேசுகிறவர்கள் சென்னை, வங்காளம், மத்திய மாகாணம் என்று மூன்று ஆட்சிகளில் சிதறிக் கிடந்தார்கள். கஞ்சத்தில் இருந்த ஒடியர்களுக்குத் தலைநகர் சென்னை, எத்தனையோ நாள் பயணம். முப்பது வருடத்துக்கு மேல் மனுப் போட்டு, மாநாடு கூட்டி, 1936 ஏப்ரல் 1 அன்று ஒரிசா மாகாணம் வாங்கினார்கள். கஞ்சத்தின் பெரும்பகுதியும் விசாகப்பட்டினம் மாவட்டத்தின் கோராபுட் மலைநாடும் அப்போது சென்னையை விட்டுப் போயின. பர்லாகிமிடி ஜமீனை இரண்டாகவே வகுத்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பே சென்னை மாகாணம் மொழிக்காகப் பிரிந்துவிட்டது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

தெலுங்கர்களும் 1913-இல் பாபட்லாவில் ஆந்திர மகாசபையைக் கூட்டியதில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். 58 நாள். டிசம்பர் 15 இரவு உயிர் போயிற்று. நம் ஊரில் இதைச் சொல்லும்போது சென்னை நகரத்துக்கான சண்டையாக மட்டும் சொல்கிறோம். அவர் சென்னையைச் சேர்த்துக் கேட்டார் என்பது உண்மை. சென்னை தமிழர்களிடமே இருக்க வேண்டும் என்று ம.பொ.சி. போன்றவர்கள் எழுந்து நின்றதும் உண்மை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் தன் மக்களுக்கு ஒரு மாநிலம் வேண்டும் என்று ஒரு மனிதர் பட்டினி கிடந்து நம் நகரத்தில் செத்திருக்கிறார். தமிழ்நாடு என்ற பெயருக்காக 1956-இல் 76 நாள் பட்டினி கிடந்து இறந்த சங்கரலிங்கனாருக்கு நாம் கண் கலங்குகிறோம். ஸ்ரீராமுலுவுக்கும் அதே மரியாதையைப் பாடநூலில் கொடுங்கள். என் வகுப்பில் தெலுங்கு பேசும் பிள்ளை அந்தப் பாடத்தின்போது தலை குனிந்து உட்காரக் கூடாது.

1953 அக்டோபர் 1 அன்று பதினொரு மாவட்டங்களோடும், பெல்லாரியில் ஆதோனி, ஆலூரு, ராயதுர்கம் தாலுகாக்களோடும் கர்நூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திரம் பிறந்தது. பெல்லாரியின் மிச்சம் மைசூருக்குப் போயிற்று. மாநிலங்களை மொழிவாரியாகத் திருத்தி அமைத்த 1956 நவம்பர் 1 பற்றி நீங்கள் அறியாதது இல்லை. மலபாரும் காசர்கோடும் கேரளத்துக்கு, தென்கனராவின் மிச்சமும் கொள்ளேகால் தாலுகாவும் மைசூருக்கு, லட்சத்தீவு டெல்லியின் நேரடி ஆட்சிக்கு. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து இந்தப் பக்கம் வந்தவை அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை. அதற்கு அங்கிருந்த தமிழர்களின் தலைவர் நேசமணியும் அவரோடு நின்றவர்களும் கொடுத்த விலையை, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டை, குமரி மாவட்டத்து ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அந்த மனக்குறை இன்றும் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம்.

எங்கள் ஊரின் கதைக்கு வருகிறேன். திருத்தணிக்காக ம.பொ.சி.யும் கே. விநாயகமும் போராடினார்கள். மங்கலங்கிழார் அதற்கு முன்பிருந்தே எல்லைப்பகுதி ஊர்களில் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவராகப் பட்டாஸ்கர் வந்தார். அவர் வகுத்த முறையைப் பாடநூலில் விரிவாகப் போடுங்கள், ஏனென்றால் அதில் பிள்ளைகள் விவாதிக்க நிறைய இருக்கிறது. கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், அந்தக் கிராமம் எந்தப் பக்கத்தோடு தொடர்ச்சியாக ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். அதற்கு முன்பு தாலுகாவாகவும் மாவட்டமாகவும் அள்ளிக் கொடுத்த இடத்தில், இங்கே ஊர் ஊராக எண்ணினார்கள். 1959-இல் சட்டம், 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறை. திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களில் இருந்து சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அந்தப் பக்கம் போயின.

என் பார்வையில், இருநூறு வருடத்தில் எங்கள் பக்கத்து எல்லையைப் போட்டவர்களில் இவர்கள்தான் மனிதர்களைக் கணக்கில் எடுத்தவர்கள். அப்படியும் முழுசாக யாருக்கும் நிறைவு வரவில்லை. அறுபது பேர் தமிழும் நாற்பது பேர் தெலுங்கும் பேசுகிற ஊரை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு பாதிக்கு வருத்தம்தான். சத்தியவேட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. என் வகுப்பில் திட்டு வாங்கிய பையன் வேறு ஊரில் இருந்து பிழைக்க வந்தவன் இல்லை. எல்லைக் கோடு அவன் வீட்டைத் தாண்டிப் போயிற்று, அவ்வளவுதான்.

நான் கேட்பது இதுதான். 1792, 1801, 1862, 1936, 1953, 1956, 1960 என்று ஏழு வரைபடங்கள், ஒரே அளவில், இரண்டு பக்கத்தில் அடுத்தடுத்து வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இதற்கான சரக்கு ஏராளம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த எல்லை எதனால் மாறியது என்று இரண்டு வரி: போரா, கடனா, துறைமுகமா, மொழியா. இழந்தோம், பறித்தார்கள் என்ற சொற்களைத் தவிர்த்துவிட்டு, போனது, வந்தது என்று எழுதினாலே போதும், பிள்ளைகள் தாங்களே சிந்திப்பார்கள். எல்லை மாவட்டங்களான திருவள்ளூர், கிருஷ்ணகிரி, நீலகிரி, கன்னியாகுமரி ஆகியவற்றில் ஒரு செயல்பாடும் சேருங்கள். வீட்டில் உள்ள பழைய பத்திரம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் எதையாவது பார்த்து அதில் எழுதியிருக்கும் மாவட்டத்தையும் மாநிலத்தையும் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கூடலூர்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் சுவையாக இருக்கும். அவர்களுடைய தென்கிழக்கு வயநாடு 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாற்றம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் 1956-இல் அவர்கள் கேரளத்தோடு போயிருப்பார்கள்.

இந்தச் செயல்பாட்டை எங்கள் வகுப்பில் செய்து பார்த்தாயிற்று. முப்பத்தைந்து பிள்ளைகளில் பத்தொன்பது பேர் வீட்டில் "சித்தூர் ஜில்லா" என்று எழுதிய காகிதம் ஏதாவது ஒன்று இருந்தது. திட்டிய பையன் கொண்டுவந்தது அவன் கொள்ளுத்தாத்தாவின் பத்திரம். முழுக்கத் தெலுங்கு. அவனால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. திட்டு வாங்கியவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னான். அவனுக்கு அவன் அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் காகிதங்களின் நகல்களை வீட்டாரின் அனுமதியோடு, பெயர்களை மறைத்துவிட்டு எடுத்து வைத்திருக்கிறேன். கரும்பலகையில் வரைந்த வரைபடங்களையும் பிள்ளைகள் சார்ட் தாளில் படி எடுத்திருக்கிறார்கள். உங்கள் கூட்டம் எங்கே, என்றைக்கு என்று சொன்னால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டில் இருந்து முதல் பேருந்தில் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியர்,
பள்ளிப்பட்டு வட்டம், திருவள்ளூர் மாவட்டம்